சட்டத்தரணிகளின் தனிப்பட்ட விபரங்களும் அரச பதிவேடுகளும்

நவீன அரசு பதிவேடுகளைக் கொண்டே இயங்குகின்றது. பிறப்பு, திருமணம், காணி உரித்து, வாகனம், வருமான வரி, வாக்குரிமை ஆகிய ஒவ்வொன்றும் ஏதோவொரு திணைக்களத்தின் ஏட்டிற் பதியப்படுகின்றது. இவ்வேடுகளிற் பெரும்பாலானவை குடிமக்களின் நன்மைக்கென்றே தோன்றியவை. காணியின் உரித்தாளர் யார் என்பதை அறிய முடியாத நாட்டிற் காணி வாங்க முடியாது. வாக்காளர் யாவர் என்பதைச் சரிபார்க்க முடியாத நாட்டிற் தேர்தல் நேர்மையாக நடைபெறாது. ஆகவே பதிவேடுகள் திறந்திருத்தல் வேண்டும் என்பது சனநாயகத்தின் பழைய கோரிக்கைகளுள் ஒன்றாகும். முற்போக்குச் சிந்தனையாளர் இக்கோரிக்கையை என்றும் ஆதரித்தே வந்துள்ளனர்.

இப்பதிவேடுகளில் இடம்பெறும் சட்டத்தரணிகளின் தனிப்பட்ட விபரங்களை, அதாவது வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், குடும்பத்தினர் பற்றிய செய்திகள் போன்றவற்றை, இரகசியமாகப் பேணவேண்டும் என்ற கருத்து அண்மைக்காலத்திற் பல நாடுகளில் வலுப்பெற்று வருகின்றது. சில நாடுகளில் இது சட்டமாகவும் ஆகியுள்ளது. ஏற்கெனவே செல்வாக்குப் படைத்த ஒரு தொழில்வகுப்பார் தமக்கென மேலுமொரு சலுகையைத் தேடிக்கொள்கின்றனர் என்று இதனைச் சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் முற்றிலும் நியாயமற்றதன்று. எனினும், பிரச்சினையின் மையம் அங்கில்லை என்பது எமது கருத்தாகும். சட்டத்தரணியின் வீட்டு வாயிலைப் பாதுகாப்பது அவருக்கு வழங்கும் சலுகையன்று. அவரை நாடிவரும் கட்சிக்காரனின் உரிமைக்கு அது ஒரு முன்நிபந்தனை. அவ்வாறாயின் அப்பாதுகாப்பு யாருக்கு எதிராகத் தேவைப்படுகின்றது என்ற வினாவும் எழுகின்றது. வெளியார் கண்களிலிருந்து ஏட்டை மறைப்பது எளிது. ஏட்டை வைத்திருக்கும் அரசின் கைகளிலிருந்தே சட்டத்தரணியைக் காப்பது எவ்வாறு என்பதே கடினமான வினா. இவ்விரண்டையும் சில நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு ஆராய்ந்து, எமது நாட்டின் நிலையை அவற்றின் ஒளியில் நோக்குவோம்.

1. பகிரங்கமானதும் அந்தரங்கமானதும்

சட்டத்தரணி ஒருவகையிற் பொது மனிதர். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம், அப்புக்காத்து, பெறக்கிராசி என்றிருந்த இரு பிரிவுகளையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே வகுப்பை உருவாக்கியது. அதன் பின்னர் வந்த 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி, நற்பெயரும் தகுந்த அறிவும் உடையோரை உயர் நீதிமன்றமே சட்டத்தரணிகளாக அனுமதித்துப் பதிவு செய்கின்றது. ஒழுக்கம் தவறியோரை இடைநிறுத்தும் அல்லது நீக்கும் அதிகாரமும் அதனிடமே உள்ளது. ஒருவர் உண்மையிலேயே சட்டத்தரணியா, எப்போது பதிவு செய்யப்பட்டார், ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்பட்டவரா என்பனவற்றை அறிய எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. போலிச் சட்டத்தரணியிடம் பணத்தைப் பறிகொடுக்கும் ஏழைக் கட்சிக்காரனுக்கு இவ்வுரிமையே காப்பாகும். இவ்விபரங்களை மறைப்பதை எவ்வகையிலும் ஆதரிக்க முடியாது.

ஆனால் அச்சட்டத்தரணி இரவில் எங்கு உறங்குகின்றார், அவருடைய பிள்ளைகள் எப்பாடசாலையிற் பயில்கின்றனர், அவருடைய வாகனத்தின் இலக்கம் யாது என்பன அவருடைய தொழிற்றகைமையைப் பற்றி எதனையும் கூறுவனவல்ல. இவை வெளிப்படுவதாற் பொதுமக்களுக்கு விளையும் நன்மை சொற்பம். கெட்ட எண்ணம் கொண்டவனுக்கு விளையும் வசதியோ பெரிது. தொழில் பற்றிய செய்தி, இல்லம் பற்றிய செய்தி என்ற இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் எமது விடயத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஏனைய குடிமக்களின் இல்லங்களும் காக்கப்படவேண்டியவை அல்லவா எனக் கேட்கலாம். ஆம், காக்கப்படவேண்டியவையே. எனினும் சட்டத்தரணியின் நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. அவர் தமது தொழிலின் இயல்பாலேயே பிறருடைய பகையைத் தம்மேல் ஏற்றுக்கொள்பவர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடும்போது இறந்தவரின் உறவினர் அவரை வெறுக்கின்றனர். அடித்துத் துன்புறுத்தும் கணவனுக்கு எதிராக மனைவியின் மனுவைத் தயாரிக்கும்போது கணவனின் கோபம் மனைவியைவிட்டு அவர்மீது திரும்புகின்றது. பொலிஸ் காவலில் இருந்து காணாமற்போன ஒருவருக்காக ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்யும்போது அரசின் ஒரு பகுதியே அவரைப் பகைக்கின்றது. கட்சிக்காரரின் வழக்குடன் சட்டத்தரணியை ஒன்றாக்கிப் பார்க்கலாகாது என்பது 1990 செப்ரெம்பரில் ஹவானாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் எட்டாவது குற்றத்தடுப்பு மாநாடு ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். சட்டத்தரணிகள் மிரட்டலும் இடையூறும் இன்றித் தொழில்புரிய அரசுகள் வழிசெய்தல் வேண்டும் எனவும், தொழிற் கடமையின் காரணமாக அவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்தால் அதிகாரிகள் போதிய காப்பளித்தல் வேண்டும் எனவும் அக்கோட்பாடுகள் கூறுகின்றன. அஞ்சும் சட்டத்தரணி வழக்கை ஏற்கமாட்டார். அவர் ஏற்க மறுத்தாற் கட்சிக்காரனின் உரிமை ஏட்டில் மட்டுமே எஞ்சும். இங்கு பணயமாக இருப்பது இதுவே.

2. திறந்த பதிவேடு: அமெரிக்க அனுபவம்

ஐக்கிய அமெரிக்காவிற் பதிவேடுகள் பெருமளவு திறந்தவை. காணி, வாக்காளர் பதிவு போன்றவற்றைப் பல மாநிலங்களில் எவரும் பெறலாம். அவற்றைத் திரட்டி விற்பதையே வியாபாரமாகக் கொண்ட நிறுவனங்களும் பல உள. 2020 யூலை 19ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்திற் சமஷ்டி நீதிபதி எஸ்தர் சலாஸ் அவர்களின் வீட்டுக்கு, பொதி விநியோகிப்பவன் போல வேடமிட்டு வந்த ஒருவன் அவருடைய இருபது வயது மகனான டானியலைச் சுட்டுக்கொன்றான். நீதிபதியின் கணவர் படுகாயமடைந்தார். அக்கணவர் குற்றவியல் வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடும் சட்டத்தரணி. சுட்டவனும் ஒரு சட்டத்தரணியே. அந்நீதிபதியின் முன் ஒருகாலத்தில் வழக்காடியவன். நீதிபதி பற்றியும் குடும்பத்தினர் பற்றியும் கிடைக்கத்தக்க விபரங்களையெல்லாம் அவன் திரட்டி வைத்திருந்தான்.

இதன் விளைவாக 2020 நவம்பரில் நியூ ஜேர்சியில் இறந்த இளைஞனின் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீதிபதிகள், அரச தரப்பு வழக்குத்தொடுநர்கள், பொலிசார் ஆகியோரின் வீட்டு முகவரிகளையும் தொலைபேசி இலக்கங்களையும் வெளியிடுவதை அது கட்டுப்படுத்துகின்றது. சமஷ்டி நீதிபதிகளைக் காக்கும் சட்டமொன்று 2022 டிசெம்பரில் நிறைவேறியது. இச்சட்டங்களின் தேவையை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் நியூ ஜேர்சியின் மூலச் சட்டம் யாரைக் காத்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். குற்றஞ்சாட்டும் சட்டத்தரணி காக்கப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காக வாதாடும் சட்டத்தரணி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அரசின் பக்கத்தில் நிற்பவருக்கே அரசின் காப்பு முதலிற் கிடைக்கின்றது என்ற பொதுவிதிக்கு இது ஒரு சிறு உதாரணமாகும்.

புளோரிடா மாநிலத்தின் ஏற்பாடு இதனிலும் விரிவானது. அரச தரப்பு வழக்குத்தொடுநர்களுடன், வசதியற்ற எதிரிகளுக்காக அரச செலவில் வாதாடும் பொதுக் காப்புச் சட்டத்தரணிகளின் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி, நிழற்படம் என்பனவற்றுக்கும் அங்கு பகிரங்கப்படுத்தலிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுடைய வாழ்க்கைத் துணையின் தொழிலகமும், பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளின் பெயர்களும்கூட இவ்விலக்கினுள் அடங்கும். அதேவேளை, விலக்குகள் பெருகி ஏடுகள் யாவும் மூடப்பட்டுவிடாதிருக்க இரு தடைகள் வைக்கப்பட்டுள்ளன. எந்தவொரு புதிய விலக்கும் ஏன் பொதுத்தேவை என்பதைச் சட்டத்திலேயே எழுத்தில் கூறி, சட்டசபையின் இரு மன்றங்களிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையாற் பெறுதல் வேண்டும். மேலும் புதிய விலக்கொன்று ஐந்தாண்டுகளின் பின் மீளாய்வு செய்யப்பட்டுத் திரும்பவும் நிறைவேற்றப்படாவிடின் அது காலாவதியாகிவிடும். இரகசியமே தன்னை நியாயப்படுத்த வேண்டும், பகிரங்கம் அல்ல என்ற நெறி இதில் அடங்கியுள்ளது. எமது சட்டவாக்கத்துக்கும் இது உகந்த நெறி.

இத்தகைய தடைகள் ஏன் தேவை என்பதற்கு நியூ ஜேர்சியிலேயே ஒரு சான்று உண்டு. 2023இல் அங்குள்ள ஒரு நகரின் பொலிஸ் பணிப்பாளர், தாம் கடமையாற்றும் நகரிலிருந்து இரண்டு மணிநேரத்துக்கும் மேற்பட்ட பயணத் தொலைவில் வசிக்கின்றார் என்பதைப் பத்திரிகையாளர் ஒருவர் வாக்காளர் பதிவிலிருந்து கண்டறிந்தார். மக்கள் அறியவேண்டிய செய்தி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகவரியை வெளியிடலாகாது என அவருக்கு அச்சட்டத்தின்கீழ் அறிவித்தல் விடுக்கப்பட்டது. வழக்கு மாநில உயர் நீதிமன்றம்வரை சென்று 2025 யூனில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. பணிப்பாளர் எவ்வூரில் வசிக்கின்றார் என எழுதுவதற்குத் தடையில்லை. வீதியும் வீட்டிலக்கமுமே வெளியிடப்படலாகாது என்ற வேறுபாடு அவ்வழக்கில் முக்கிய இடம்பெற்றது. ஊரைக் கூறுவது பொறுப்புக்கூறலுக்குப் போதுமானது; வாயிலைக் காட்டுவது அதற்குத் தேவையற்றது. கோடு எங்கே கீறப்படவேண்டும் என்பதை இது தெளிவாகக் காட்டுகின்றது.

3. பூட்டிய பெட்டியும் திறப்பும்: வட அயர்லாந்து

மேற்கூறியவை யாவும் ஏட்டை வெளியார் பார்ப்பது பற்றியன. ஏடு வெளியாருக்கு மூடப்பட்டிருந்தும் அதில் உள்ளவை கொலைகாரனின் கைக்குச் சென்ற வரலாற்றை வட அயர்லாந்திற் காண்கின்றோம்.

பற்றிக் பினுகேன் பெல்பாஸ்ற் நகரிற் புகழ்பெற்ற சட்டத்தரணி. அவசரகாலச் சட்டங்களின்கீழ்க் கைதானோருக்காகவும் பொலிசாருக்கு எதிராகவும் வழக்காடியவர். 1989 சனவரி 17ஆம் திகதி, வட அயர்லாந்திலுள்ள சில சட்டத்தரணிகள் ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின்பால் அளவுமீறிய அனுதாபம் கொண்டுள்ளனர் எனப் பிரித்தானிய உள்துறைத் துணை அமைச்சர் ஒருவர் பாராளுமன்றக் குழுவிற் கூறினார். நான்கு வாரங்கள் கழியுமுன், பெப்ரவரி 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலை, பினுகேன் தமது வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்த வேளையிற் பதினான்கு குண்டுகளாற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இக்கொலை பற்றி ஆராய்ந்த அறிக்கைகளுள் 2012 டிசெம்பரில் வெளியானது சேர் டெஸ்மண்ட் டி சில்வா அவர்களின் அறிக்கை. இவர் இலங்கையிற் பிறந்தவர். பாதுகாப்புப் படைகளின் இரகசிய விபரங்கள் அரசுசார்பு ஆயுதக் குழுக்களிடம் பெருமளவிற் கசிந்து வந்ததை அவ்வறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. அத்தகைய குழுவொன்றின் கைவசம் இருந்த உளவுச் செய்திகளுள் நூற்றுக்கு 85 வீதமானவை பாதுகாப்புப் படைகளிடமிருந்தே வந்தவை எனப் பிரித்தானிய உளவுச் சேவையே 1985இல் மதிப்பிட்டிருந்தது. பினுகேனின் நிழற்படத்தைக் கொலைக் குழுவுக்குக் கொடுத்தவர் இராணுவத்தின் சம்பளம் பெற்ற உளவாளி. பினுகேனைக் கொல்லத்தக்க ஓர் இலக்காகப் பொலிசாரே ஆயுதக் குழுவினருக்கு முன்மொழிந்திருக்கின்றனர் என்பதே சாத்தியமென அறிக்கை முடிவுசெய்தது. அவருடைய உயிருக்கு ஆபத்து உண்டென்ற செய்தி முந்திய ஆண்டுகளிலும் அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. அது அவருக்கு அறிவிக்கப்படவில்லை. அறிக்கை வெளியான நாளிற் பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். முழுமையான பகிரங்க விசாரணை நடத்தப்படும் என்ற அறிவிப்பு 2024 செப்ரெம்பரிலேயே வந்தது. கொலைக்கும் அறிவிப்புக்கும் இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பினுகேன் பற்றிய ஏடுகள் இரகசியமானவையே. எந்தக் குடிமகனும் விண்ணப்பித்து அவற்றைப் பெற்றிருக்க முடியாது. இரகசியம் குடிமக்களிடமிருந்து காக்கப்பட்டது. ஆபத்துப் பற்றிய செய்தியளவிற் பினுகேனிடமிருந்தே காக்கப்பட்டது. கொலையாளிகளிடமிருந்து மட்டும் காக்கப்படவில்லை.

பத்து ஆண்டுகளின் பின் இதே பாடம் மீண்டது. லர்கன் நகரச் சட்டத்தரணியான றோஸ்மேரி நெல்சன் 1999 மார்ச் 15ஆம் திகதி தமது வாகனத்திற் பொருத்தப்பட்ட குண்டினாற் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில், ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளரான மலேசியச் சட்டத்தரணி பரம் குமாரசுவாமி, வட அயர்லாந்துப் பொலிசார் எதிரிகளின் சட்டத்தரணிகளை மிரட்டியும் தொழிலில் இடையூறு செய்தும் வந்துள்ளனர் எனத் தமது அறிக்கையிற் குறிப்பிட்டிருந்தார். 2011 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை, எந்தவொரு அரச நிறுவனமும் கொலைக்கு நேரடியாக உதவியதற்குச் சான்றில்லை எனக் கூறியது. ஆனால் அவரைப் பற்றிய உளவுச் செய்திகள் பொலிஸ் சேவைக்கு வெளியே கசிந்தன எனவும், அச்செய்திகள் உண்மையாயினும் பொய்யாயினும் கசிவு அவருடைய உயிராபத்தை அதிகரித்தது எனவும் அது முடிவுசெய்தது. ஓர் ஏட்டில் எழுதப்பட்ட பொய்யும் கொல்லும் என்பதே இதன் பொருள்.

4. ஆட்சி மாறியபின் ஏடு: ஆப்கானிஸ்தான்

இன்று நல்லோர் கையில் உள்ள ஏடு நாளை யார் கைக்குச் செல்லும் என்பதும் சிந்திக்கற்பாலது. ஆப்கானிஸ்தானில் 2008இல் உருவான சுதந்திர சட்டத்தரணிகள் சங்கம் சட்டத்தரணிகளுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பை ஏற்றிருந்தது. அங்கத்தவர் விபரங்கள் அதனிடம் இருந்தன. 2021 ஓகஸ்டிற் காபூல் தலிபான்களின் வசமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அனுமதி வழங்கும் அதிகாரம் நீதி அமைச்சுக்கு மாற்றப்பட்டது. ஆயுதம் தாங்கியோர் சங்கத்தின் அலுவலகத்தைக் கைப்பற்றினர். தலிபான்களுக்கு எதிரான வழக்குகளில் ஈடுபட்ட சட்டத்தரணிகளின் முகவரிகளும் குடும்பங்கள் பற்றிய செய்திகளும் அவர்களால் முன்னர் சிறைக்கு அனுப்பப்பட்டோரின் கைகளிற் சேருமென்ற அச்சத்தைச் சர்வதேச சட்டத்தரணி அமைப்புகள் அன்றே வெளியிட்டன. பெண் சட்டத்தரணிகள் தொழில்புரியும் அனுமதியையே இழந்தனர்.

அவ்வேட்டைத் திரட்டியவர்கள் தீய நோக்குடையோர் அல்லர். தொழிலை ஒழுங்குபடுத்தும் நன்னோக்குடனேயே திரட்டினர். ஆயினும் ஏட்டின் ஆயுள் அதனை எழுதிய ஆட்சியின் ஆயுளிலும் நீண்டது. எனவே, இரகசியமாகப் பேணுவதற்கு முற்பட்ட கடமை ஒன்றுண்டு: தேவையற்றதைத் திரட்டாதிருத்தல். எழுதப்படாத முகவரியை எவரும் கைப்பற்ற முடியாது.

5. இலங்கையின் நிலை

இனி எமது நாட்டை நோக்குவோம். சாதாரண பதிவேடு எவ்வாறு ஆயுதமாக மாறுகின்றது என்பதை எமக்கு வேறு நாட்டார் வந்து கற்பிக்கத் தேவையில்லை. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றோர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தனர் என்பது அக்காலச் சாட்சியங்கள் பலவற்றிற் பதிவாகியுள்ளது. வாக்குரிமையைக் காக்கவென எழுதப்பட்ட ஏடே வாயிலைக் காட்டும் ஏடாயிற்று.

சட்டத்தரணிகளைப் பொறுத்தவரை, 1988 செப்ரெம்பரில் விஜேதாச லியனாராச்சி பொலிஸ் காவலிற் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். காணாமற்போனோருக்காக வழக்காடிய சரித்த லங்காபுர 1989 யூலையிலும் காஞ்சன அபயபால 1990 ஓகஸ்டிலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஹவானாவிலே சட்டத்தரணிகளின் பாதுகாப்புப் பற்றிய கோட்பாடுகள் ஏற்கப்பட்டதும் இந்த இறுதிக் கொலை நிகழ்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்பது கவனிக்கத்தக்கது. 2008 செப்ரெம்பரில் மனித உரிமைச் சட்டத்தரணி ஜே. சி. வெலியமுன அவர்களின் வீட்டின்மீது கைக்குண்டுகள் வீசப்பட்டன. 2009 யூலையில், பாதுகாப்பு அமைச்சின் உத்தியோகபூர்வ இணையத்தளமே, பத்திரிகையொன்றுக்காக நீதிமன்றில் தோன்றிய சட்டத்தரணிகளின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டுக் கறுப்பு அங்கி அணிந்த துரோகிகள் என்ற பொருள்படத் தலைப்பிட்டது. நீதிமன்றிலே தோன்றுவது பகிரங்கச் செயல், அப்பெயர்கள் இரகசியமல்ல. ஆனால் அரசு தானே அவற்றைத் திரட்டி, படம் சேர்த்து, துரோகிப் பட்டமும் சூட்டுகையில் அது செய்தியறிவித்தல் ஆகாது. கட்சிக்காரனுடன் சட்டத்தரணியை ஒன்றாக்கும் செயலுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

சட்ட ஏற்பாடுகள் எவை? 2015இல் அரசியலமைப்பின் பத்தொன்பதாவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அந்தரங்கத்துக்கான உரிமை தனியோர் அடிப்படை உரிமையாக எமது அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. தகவல் உரிமைக்கு விதிக்கத்தக்க வரையறைகளுள் ஒன்றாகவே அது இடம்பெறுகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொதுச் செயற்பாட்டுடனோ பொது நலனுடனோ தொடர்பற்ற தனிப்பட்ட விபரங்களையும், அந்தரங்கத்தில் நியாயமற்று ஊடுருவும் விபரங்களையும் வழங்க மறுக்க இடமளிக்கின்றது. பொது நலன் மேலோங்குமிடத்து அவையும் வழங்கப்படல் வேண்டும். இரகசியமாகப் பெறப்பட்ட மூன்றாந் தரப்பினரின் விபரம் கோரப்பட்டால், தகவல் அலுவலர் ஒரு வாரத்தினுள் அத்தரப்பினருக்கு எழுத்தில் அறிவித்து அவருடைய கருத்தைக் கேட்கவேண்டும் என 29ஆம் பிரிவு விதிக்கின்றது.

இவ்வேற்பாடு சமநிலையானது. ஒரு கூட்டுத்தாபனம் தனது வழக்குகளுக்கு எச்சட்டத்தரணிகளை அமர்த்தியது, எவ்வளவு பணம் கொடுத்தது எனக் குடிமகன் ஒருவர் கேட்டால் அது பொதுப்பணம் பற்றிய வினா. தனிப்பட்ட விபரம் எனக் கூறி மறுத்தற்கு நியாயமில்லை. அச்சட்டத்தரணிகளின் வீட்டு முகவரியைக் கேட்டால் மறுப்பதே முறை. சட்டத்தரணியின் அந்தரங்கம் என்ற போர்வையில் அதிகாரிகள் தம் செலவினங்களை மறைக்க முற்படுவதையும், தகவல் உரிமை என்ற பெயரால் ஒருவரின் வாயிலைக் காட்டிக்கொடுப்பதையும் ஒருங்கே எதிர்த்தல் வேண்டும்.

எனினும் இச்சட்டம், கேட்கும் குடிமகனுக்கு எதைக் கொடுக்கலாம் என்பது பற்றியது. அரசின் ஒரு கை மற்றொரு கைக்குக் கொடுப்பது பற்றி அது பேசவில்லை. அவ்விடத்தை நிரப்பத்தக்கது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். குறித்த நோக்கத்துக்காகவே விபரம் திரட்டப்படல் வேண்டும், தேவைக்கு மிஞ்சித் திரட்டலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது, இரகசியம் பேணப்படல் வேண்டும் என்ற கடமைகளை அது அரச நிறுவனங்களுக்கும் விதிக்கின்றது. தேசிய பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்கு அதில் விலக்குகளும் உண்டு. வட அயர்லாந்தின் வரலாற்றை அறிந்தோர் இவ்விலக்கின் கனத்தை உணர்வர். சட்டத்தரணிக்கு எப்பக்கத்திலிருந்து ஆபத்து மிகுதியோ அப்பக்கத்திலேயே கதவு தளர்வாக உள்ளது.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, சட்டத்தரணிகளின் பதிவேடு இரு பகுதிகளாக அமைதல் வேண்டும். பெயர், பதிவுசெய்யப்பட்ட திகதி, தொழிலக முகவரி, ஒழுக்காற்றுத் தீர்மானங்கள் ஆகியவை எவரும் பார்க்கத்தக்க திறந்த பகுதியில் இருத்தல் வேண்டும். வீட்டு முகவரி, தனிப்பட்ட தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்பன மூடிய பகுதிக்குரியன.

இங்கு நடைமுறைச் சிக்கலொன்று எழுகின்றது. எமது சிறு நகரங்களில், குறிப்பாகத் தொழிலுக்குப் புதிதாக வந்த இளம் சட்டத்தரணிகளிடையே, வீட்டையே அலுவலகமாகக் கொண்டவர்கள் பலர். குடும்ப வன்முறை, பராமரிப்பு வழக்குகளில் ஈடுபடும் பெண் சட்டத்தரணியின் தொழிலக முகவரியை வெளியிடுவது அவருடைய வீட்டு வாயிலை வெளியிடுவதாகவே முடியும். கொழும்பில் வசதியான அலுவலகம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் காப்பு, சிறு நகரத்து இளம் பெண் சட்டத்தரணிக்குக் கிடைக்காது போகும். ஆகவே நீதிமன்றப் பதிவகத்தின் ஊடாகவோ அவ்விடத்துச் சட்டத்தரணிகள் சங்கத்தின் ஊடாகவோ கடிதங்களையும் அறிவித்தல்களையும் பெறும் வசதி விரும்புவோருக்கு அளிக்கப்படல் வேண்டும். இதனாற் சட்டத்தரணிமீது முறைப்பாடுடைய கட்சிக்காரனும் பாதிக்கப்படமாட்டான். அறிவித்தல் சேரவேண்டிய இடத்திற் சேரும்.

இரண்டாவதாக, மூடிய பகுதியை யார் திறந்தார், எப்போது, எதற்காக என்பது ஒவ்வொரு முறையும் பதியப்படல் வேண்டும். தம்மைப் பற்றிய ஏட்டை யார் பார்த்தார் என்பதை அறியும் உரிமை சட்டத்தரணிக்கு இருத்தல் வேண்டும். கசிவை முற்றாக நிறுத்த முடியாவிடினும், கசியவிட்டவரைக் காண இதுவே வழி.

மூன்றாவதாக, இப்பகுதி நீதித்துறையின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். பொலிசாருக்கோ பாதுகாப்பு அமைச்சுக்கோ அது தேவைப்படின் நீதிபதி ஒருவரின் கட்டளையைப் பெறல் வேண்டும். தேசிய பாதுகாப்பு என்ற சொல் ஒன்றே அக்கட்டளைக்குப் போதிய காரணமாகாது.

நான்காவதாக, சட்டத்தரணி ஒருவருக்கு ஆபத்து உண்டென்ற செய்தி எந்த அரச நிறுவனத்துக்குக் கிடைத்தாலும் அதனை அவருக்குத் தாமதமின்றி அறிவிப்பது சட்டக் கடமையாதல் வேண்டும்.

ஐந்தாவதாக, சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணிக்கு எக்காப்பு உண்டோ, அதே காப்பு எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணிக்கும் இருத்தல் வேண்டும். இவ்விலக்குகள் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பாராளுமன்றத்திற் பகிரங்கமாக மீளாய்வு செய்யப்படுவதும் அவசியம்.

இவையெல்லாம் நிறைவேறினும் ஒரு கட்டுப்பாடு எஞ்சியிருக்கும். சட்டத்தரணியின் அச்சத்துக்குக் காரணமானோர் தண்டிக்கப்படாத நாட்டில் ஏடுகளை மூடுவதால் மட்டும் அச்சம் நீங்காது. லங்காபுரவும் அபயபாலவும் எழுதிய ஆட்கொணர்வு மனுக்கள் காணாமற்போன ஏழை இளைஞர்களின் பெற்றோருக்காக எழுதப்பட்டவை. அச்சட்டத்தரணிகளின் மரணத்தால் இழப்படைந்தோரின் முன்வரிசையில் அப்பெற்றோரே உள்ளனர். அடுத்த மனுவை எழுத யார் முன்வருவார் என்ற வினா அவர்களுக்கே எழுந்தது. எனவே, சட்டத்தரணியின் முகவரியை யார் வைத்திருக்கின்றார், யாருக்குக் கொடுக்கின்றார் என்பதைச் சட்டத்தரணிகள் சங்கத்தின் உள்விவகாரமாகக் கருதாது, நீதியை நாடும் சாதாரண மக்களின் உரிமைப் பிரச்சினையாகக் கொண்டு ஆராய்தல் அறிஞர்களினதும் முற்போக்கு இயக்கங்களினதும் கடமை என்பது எமது துணிபாகும்.